சுவடியும் கல்லும் சொல்லும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் ஆய்வுப் பணி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நிலவியல் அறிஞர்க்கு அரியலூர் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. ஒரு பாறை அடுக்கின் பெயருமாகும். கடல் இங்கே நிறைந்திருந்து பின் விலகிப் போன காலத்தில் படிந்த அடுக்குகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்போர்டும் ஸ்டோலிக்ஸ்காவும் ஆராய்ந்து எழுதினர். அதன்பின், இவ்வூரைக் கண்டிராத பல நாட்டு அறிஞரும் தம் நூல்களில் இவ்வூர்ப் பெயரை எழுதி வருகின்றனர். சுண்ணாம்புக்கல்லுக்குக் கிடைத்த இப்பேறு இந்நிலத்துச் சொல்லுக்குக் கிடைத்ததா என்பது ஒரு கேள்வி. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடியும் தனியாயிற்று. அதற்கு முன்னெல்லாம் இவை திருச்சிராப்பள்ளியின் வடகிழக்கு ஓரம் என்ற அளவிலேயே குறிக்கப்பட்டன. ஓரத்தில் இருப்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆனால் தமிழ் ஆய்வின் வரலாற்றை எடுத்துப் பார்ப்பார்க்கு இந்த ஓரத்தின் பெயர் அடிக்கடி எதிர்ப்படும். அதுவும் தொடக்கங்களில் எதிர்ப்படும்.

முதலில் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்தின் வடகரையை அடுத்த இச்சிற்றூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடியவர் வீரமாமுனிவர் எனப்பெறும் கான்ஸ்டான்சோ பெஸ்கி. 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் கோவா வந்து, மதுரை மறைப்பணிக் களத்துள் புகுந்த அவர், சமயம் பரப்ப வந்தவர் என்பதில் ஐயமில்லை. தேம்பாவணியைப் போற்றுவோர் அதனை மறைப்பதும் தவறு. அதனையே காரணமாக்கி அவர்தம் மொழிப்பணியைக் குறைத்துப் பேசுவதும் தவறு. 1732-ஆம் ஆண்டு அவர் முடித்த சதுரகராதியைக் கையில் எடுத்தவர்கள், அது ஒருவர் மனத்தில் திட்டமாக உருவாகி, அத்திட்டத்தின்படியே நிறைவேறிய நூல் என்பதை உணர்வர். அதற்கு முன் தமிழில் சொற்பொருள் அறிய விரும்பியவர் திவாகரத்தையோ பிங்கலந்தையையோ சூடாமணி நிகண்டையோ மனப்பாடம் செய்தல் வேண்டும். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வழி தொகுத்துச் செய்யுளில் யாத்த நூல்கள் அவை. நினைவில் இருத்தியவனுக்கு அவை கைவிளக்கு. மற்றவனுக்கு மூடிய கதவு.

அகரவரிசை என்ற எண்ணம் பெஸ்கிக்கே உரியது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. 1594-இலேயே சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்து, சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கிக் காட்டினார். ஆனால் செய்யுள் வடிவைக் கைவிட்டு, அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் வரிசை காட்டி, எவனும் புரட்டிப் பார்க்கத்தக்க கருவியாக ஆக்கியது சதுரகராதிதான். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளில் முதலாவது சொல்லுக்குப் பொருள் கூறும். இரண்டாவது ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூறும். மூன்றாவது முக்கனி, ஐம்பொறி போன்ற தொகைச் சொற்களை விரித்துரைக்கும். நான்காவது கவிஞர்க்கென்றே செய்யப்பட்டது. எதுகைச் சொற்களைத் திரட்டிக் கொடுப்பது. இந்த அவையில் இருக்கும் மரபுக் கவிஞர்களுள் தொடையகராதியைப் பயன்படுத்தியவர் எத்தனை பேர் என்று தெரிந்தால் சுவையாக இருக்கும். பயன்படுத்தியவர் வெளியே சொல்லமாட்டார் என்பதும் உண்மை.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது எழுத்துச் சீர்திருத்தம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைத்து நெடிலிலிருந்து வேறுபடுத்த வேண்டும் என்பது பழைய இலக்கண விதி; புள்ளி போனபின் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே நின்றன. மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாயின. ரகரமும் காலும் ஒன்றாயின. ‘செறு’ என்பதா ‘சேறு’ என்பதா, ‘கொடு’ என்பதா ‘கோடு’ என்பதா என்பதைப் படிப்பவனே முடிவு செய்துகொள்ள வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவு வகுத்து இக்குழப்பத்தின் ஒரு பகுதியைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும் இம்மாற்றம் இன்று தமிழ் எழுதும் ஒவ்வொரு கையிலும் இருக்கிறது.

அவர் 1747-இல் மறைந்தார். அவர்தம் ஏடுகள் இங்கும் அங்குமாகச் சிதறின. ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்குப் பின், 1816-இல், சென்னைக் கலெக்டராகவும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் தூணாகவும் இருந்த எல்லிஸ், அக்கல்லூரியைச் சார்ந்த முத்துசாமிப் பிள்ளையை அழைத்துத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார். முனிவரின் நூல்களைத் தேடிக் கொணர்தலே அவர் ஏற்ற பணி. ஊர் ஊராகச் சென்று, சுவடி வைத்திருந்தாரைக் கண்டு, செவிவழிச் செய்திகளையும் திரட்டி, 1822-இல் அவர் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். சதுரகராதி முழுவதும் அச்சேறியது 1824-இல். அந்த வரலாற்றில் கதைகளும் கலந்துள்ளன என்று பின்வந்த ஆய்வாளர் குறை கூறுவர், கூறட்டும். நிறுவனம் ஒன்று ஒருவரை நியமித்து, செலவு கொடுத்து, களத்துக்கு அனுப்பி, தமிழ் நூல்களைத் திரட்டிய முயற்சிகளுள் மிகப் பழையதொன்று இதுவே எனலாம். இக்காலத்தில் ‘ஆய்வுத் திட்டம்’ என்று வழங்குவதன் உறுப்புகள் அனைத்தும், அதன் குறைகளோடுகூட, அங்கே இருந்தன.

அடுத்துச் சொல்ல வேண்டியது விரிவாகச் சொல்ல வேண்டியதுமாகும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்றவுடன் நினைவுக்கு வருவன உத்தமதானபுரமும், மாயூரமும், திருவாவடுதுறையும், கும்பகோணமும், சென்னையுமாம். பெரம்பலூரையும் அரியலூரையும் நினைப்பவர் அரியர். ஆனால் அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று சேர்வதற்கு முன் தமிழ் கற்றது இந்நிலத்திலேதான்.

அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். உடையார்பாளையம் ஜமீனைச் சார்ந்து விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்றவர். பின்னர் இராமாயணக் கதை சொல்லி, அருணாசலக் கவியின் கீர்த்தனங்களைப் பாடி, ஊர் ஊராகத் தங்கி வாழ்ந்தார். ஊரார் கொடுத்த நெல்லும் பணமுமே குடும்பத்தின் வருவாய். மகன் இசையிலே நிற்கவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் மனமோ தமிழின்மேல் சென்றது. அந்த விருப்பத்தை மதித்து, எங்கே நல்ல தமிழாசிரியர் கிடைப்பாரோ அங்கே கதை நடத்தும்படி தம் பயணத்தையே அமைத்துக்கொண்டார் அத்தந்தை. ஒரு பெரும்பணிக்குக் கிடைத்த முதல் நல்கை இதுவென்று சொன்னால் மிகையாகாது. இதற்கு விண்ணப்பப் படிவமில்லை, அறிக்கை கேட்பாருமில்லை.

அரியலூரில் சடகோபையங்கார் கிடைத்தார். தமிழ்ச் சுவையை ஐயருக்கு முதலில் ஊட்டியவர் அவரே. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என அடுத்தடுத்து ஆசிரியர் வாய்த்தனர். செங்கணம் என்று ஐயர் எழுதுவது இக்காலத்துச் செங்குணமாகும். இவர்களுள் எவரும் பெருநகர்ப் புலவரல்லர். எவரும் நூல் பதிப்பித்தவராக அறியப்படவில்லை. அச்சுப் புத்தகம் அருமையாயிருந்த நாளில், தம்மிடம் இருந்த ஏட்டையும் தம் நெஞ்சில் இருந்த பாட்டையும் வைத்துக்கொண்டு, கேட்க வந்த சிறுவனுக்குச் சலிப்பின்றிப் பாடம் சொன்னவர்கள் இவர்கள். விருத்தாசல ரெட்டியாரிடம் ஐயர் கற்றது யாப்பருங்கலக் காரிகை.

இந்தக் காரிகைப் பாடத்தின்மேல் சற்று நின்று பார்ப்பது தகும். 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்தித்த நிகழ்ச்சியைத் தமிழ் படித்தோர் அனைவரும் அறிவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் படித்தவற்றையெல்லாம் ஐயர் அடுக்கினார். அவற்றைப் படித்து என்ன பயன், சிந்தாமணி தெரியுமா, மணிமேகலை தெரியுமா, சிலப்பதிகாரம் தெரியுமா என்ற கருத்துப்படக் கேட்டார் முதலியார். இந்நிகழ்ச்சியை எடுத்துச் சொல்வோர் பலர், கிராமத்து ஆசிரியர் கற்பித்த கல்வி பயனற்றது என்ற முடிவை மெல்ல உள்ளே நுழைத்துவிடுகின்றனர். முதலியார் கேட்டது நல்ல கேள்வி. அந்தக் கேள்வி இல்லாவிடில் பதிப்பு இல்லை. ஆயினும் கேள்விக்கு விடை கண்ட கருவிகள் எங்கிருந்து வந்தன?

ஓலைச் சுவடியில் செய்யுள் அடியடியாக எழுதப்படுவதில்லை. இடம் வீணாகாதபடி, வரி முழுவதும் நிரப்பி, உரைநடைபோலவே ஓடும். பாட்டு முடிந்து உரை தொடங்கும் இடமும், உரை முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கும் இடமும் பலபோது பிரித்துக் காட்டப்படுவதில்லை. புள்ளியில்லை என்பது முன்னமே சொல்லப்பட்டது. செல் அரித்த துளைகளும், முறிந்த ஓரங்களும், எழுதியவன் மயங்கி விட்ட எழுத்துகளும் வேறு. இப்படிப்பட்ட ஏட்டின் முன் அமர்ந்தவனுக்கு, இது விருத்தமா ஆசிரியமா, இங்கே எத்தனை சீர் நிற்க வேண்டும், எதுகை எந்த எழுத்தைக் கேட்கிறது, தளை எங்கே தட்டுகிறது என்ற உணர்வு இரத்தத்தோடு கலந்திருந்தாலன்றி ஓர் அடியும் நகராது. சீர் குறைந்தால் எழுத்துப் போயிற்று என்று அறியலாம். எதுகையைக் கொண்டு போன எழுத்து எதுவாக இருக்கக்கூடும் என்று உய்த்துணரலாம். உய்த்துணர்ந்ததை வேறு பிரதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். செங்கணத்துக் காரிகை இங்கேதான் வேலை செய்தது. ஓசையை அறியாதவன் பழம்பாட்டைப் பதிப்பித்தல், செவியில்லாதவன் வீணைக்குச் சுருதி கூட்டுவது போல்வது.

இரண்டாவது கருவி நினைவு. நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோள்களை அள்ளி இறைப்பார். எந்த நூலிலிருந்து எடுத்தார் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். ஒவ்வொரு மேற்கோளையும் அதன் தாய்நூலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஐயர் மேற்கொண்ட வேலையின் பெரும்பகுதி. அவ்வாறு தேடிப் போனபோதுதான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர்முன் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மனப்பாடம் செய்து பழகிய நெஞ்சுக்கே, நூற்றுக்கணக்கான ஏடுகளுக்கு நடுவே ‘இந்தச் சொற்றொடரை எங்கோ கண்டோமே’ என்ற பொறி தட்டும். மனப்பாடத்தை இகழ்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. அதன் பயனை அறிந்தே இகழ்தல் நன்று.

மூன்றாவது, அறியாததைப் பிறரிடம் கேட்டறியும் பண்பு. சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்தில் பயின்றவர்க்கு அதன் கோட்பாட்டுச் சொற்கள் விளங்கவில்லை. ஐயர் கும்பகோணத்துச் சமணரான சந்திரநாத செட்டியாரிடம் சென்று கேட்டார். வீடூர் அப்பாசாமி நயினாரிடம் கேட்டார். இல்லத்தில் அந்நூலைப் பரம்பரையாகப் படித்து வந்தவர்களுக்கு எளிதாயிருந்தவை கல்லூரிப் புலவர்க்கு அரிதாயிருந்தன. இதனை ஐயர் மறைக்கவில்லை. ஏடு கொடுத்தவர், பொருள் கொடுத்தவர், ஐயம் தீர்த்தவர் என ஒவ்வொருவரையும் முன்னுரையில் குறித்தார். இந்நாளில் மக்களிடையே சென்று செய்யும் ஆய்வுகளில், செய்தி சொன்னவரைத் ‘தகவலாளி’ என்று ஒரே சொல்லில் அடக்கி அனுப்பிவிடுவோர் இந்த முன்னுரைகளை ஒருமுறை படிக்கலாம்.

சிந்தாமணி முழுவதும் 1887-இல் வெளிவந்தது. கேள்வி பிறந்த நாளிலிருந்து ஏழாண்டு. அதற்கு முன் 1868-இல் பவர் துரை நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். சிந்தாமணிக்குப்பின் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, குறுந்தொகை 1937 என நீண்டது அப்பணி. கல்லூரியில் முழுநேரம் பாடம் சொல்லிக்கொண்டு, விடுமுறையில் ஏடு தேடியும் அச்சுத்தாள் திருத்தியும் செய்தவை இவற்றுள் பெரும்பாலானவை. ஏடு தேடிச் சென்ற இடங்களில் எல்லாம் ஏடு கிடைத்ததென்று எண்ணிவிடலாகாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டனர் என்ற செய்தியைக் கேட்டு அவர் அடைந்த வருத்தத்தை அவர் எழுத்தில் படித்தோர் மறவார்.

சுவடியை விட்டுக் கல்லுக்கு வரின், கங்கைகொண்ட சோழபுரம் எதிர்நிற்கிறது. முதலாம் இராசேந்திரன் எடுத்த தலைநகர். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் சோழப் பேரரசின் இருக்கை. கோயிலைப் பற்றிச் சொல்லப் பலர் உளர். 2004-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின் வருவோர் தொகையும் மிகுந்தது. இங்கே கருதத்தக்கது கோயிலின் அழகன்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இக்கோயிலின் திருமதிலைப் பிரித்துக் கல்லை எடுத்துச் சென்றனர். அணை உழவர்க்குத் தேவை. அதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் எழுத்துண்டா என்று பார்த்துக் கல்லைப் பெயர்த்த செயலன்று அது. இந்த மண்ணில் ஆய்வாளன் படிப்பது எப்போதும் எஞ்சியதையே.

எஞ்சியதே எவ்வளவு பெரிது என்பதற்கு இக்கோயிலில் உள்ள வீரராசேந்திரன் கல்வெட்டு ஒன்றே போதும். பல ஊர்களின் பெயர், அவை இருந்த நாடு, வளநாடு, கோயிலுக்கு அவை அளக்க வேண்டிய நெல் என வரிவரியாகச் செல்லும் அந்நெடுங்கல்வெட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் நான்காம் தொகுதியில் 1923-இல் அச்சாயிற்று. கவிதை தேடிப் படிப்பவர்க்கு இது வறண்ட கணக்கு. எ. சுப்பராயலு போன்றோர் கையில் இத்தகைய கணக்குகளே சோழ மண்டலத்தின் நிலப்படமாயின. கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயரை இன்றைய ஊரோடு பொருத்தி, ஊர்களைக் கூட்டி நாட்டின் எல்லையைக் கண்டு, நாடுகளைக் கூட்டி வளநாட்டைக் கண்டு, அவர் 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் நூல் அதுவரை அரசர் பெயர்களாலேயே எழுதப்பட்டு வந்த வரலாற்றை ஊர்ப் பெயர்களின்பால் திருப்பியது.

பின்னர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும், சுப்பராயலுவும், தோரு மட்சுயியும் கூடிச் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை மட்டும் திரட்டி, 1978-இல் மூன்று தொகுதிகளாக மதுரையில் வெளியிட்டனர். பெயர்களைத் தொகுப்பதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஒருவன் பெயர் எவ்வூரான் என்று தொடங்குகிறதா, உடையான் என்று முடிகிறதா, மூவேந்தவேளான் என்ற பட்டம் பெறுகிறதா, அரையன் என்று நிற்கிறதா என்பவற்றை, 849 முதல் 1279 வரையுள்ள காலத்தை நான்கு பகுதிகளாக்கிப் பார்த்தபோது, நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, அரசன் அதிகாரம் எங்கே வலுத்து எங்கே மெலிந்தது என்ற கேள்விகளுக்கு விடை தெரியலாயிற்று. பெயர் வைத்தவன் வரலாறு எழுதுவதாக எண்ணி வைக்கவில்லை. அதனாலேயே அந்தச் சான்று மெய்க்கீர்த்தியைவிட நம்பத்தக்கது.

மெய்க்கீர்த்தி பேசாத குரலும் இவ்வட்டாரக் கல்லில் உண்டு. வெள்ளாற்றை அண்டிய ஆடுதுறைக் கோயிலில் விசயநகர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வலங்கை 98, இடங்கை 98 என்னும் குலத்தார் ஒன்றுகூடி, தம்மை வருத்திய வரிகளை எதிர்த்துச் செய்துகொண்ட முடிவைத் தெரிவிக்கிறது. 1429-ஐ ஒட்டி இதுபோன்ற கல்வெட்டுகள் காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே பல ஊர்களில் வெட்டப்பட்டன. அவற்றையெல்லாம் ஒருசேர வைத்துக் கராஷிமாவும் சுப்பராயலுவும் ஆராய்ந்தனர். ஒன்றோடொன்று மோதியதாகவே பெரிதும் பேசப்படும் வலங்கையும் இடங்கையும் வரிக்கொடுமையின் முன் கைகோத்த செய்தி, அரசாணையாலன்றி மக்கள் தீர்மானத்தாலேயே கல்லில் ஏறியது. தமிழில் எழுதப்படாத காவியங்களைத் தேடும் கவிஞர்க்கு இது போதுமான பொருள்.

மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1980-களில் அகழ்ந்தது. 2021 முதல் மீண்டும் அகழ்ந்தது. செங்கற்சுவர்களும், கூரை ஓடுகளும், சீனப் பாண்டங்களின் உடைசல்களும் வெளிவந்தன. அரண்மனையின் செங்கல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்து ஊரார் தம் வீட்டுச் சுவரில் வைத்திருக்கின்றனர். அதில் வியப்பில்லை, பேரரசு போனபின் செங்கல் செங்கல்தான். வியப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று சுற்றிலும் உள்ள சிற்றூர்கள் தம் பெயரிலேயே நகரின் அமைப்பைக் காத்து வைத்திருக்கின்றன. கட்டடத்தைக் காக்க மதில் இருந்தது, அது போயிற்று. பெயரைக் காக்க எதுவுமில்லை, அது நின்றது. ஆனால் ஊர்ப் பெயர் மாற்றமும், மனைப்பிரிவுகளுக்கு இடும் புதுப்பெயர்களும் வயல்களின் பழம்பெயரை அழிக்கும் வேகம், அகழாய்வுக் குழியின் வேகத்தைவிடப் பெரிது. வயற்பெயரைத் திரட்ட மண்வெட்டி வேண்டுவதில்லை. முதியவரோடு அமர்ந்து பேசப் பொழுதுதான் வேண்டும்.

பொழுது என்ற சொல் ஆய்வுத் திட்டங்களின் மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தொடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பணி 1913-இல் தொடங்கியது. 1924-இலிருந்து பகுதி பகுதியாக வந்து, ஆறாம் தொகுதி 1936-இல் முடிந்தது. இடையே காலம் நீண்டதென்றும் பொருள் மிகுந்ததென்றும் குறை கூறாதார் இல்லை. வையாபுரிப்பிள்ளை முதலியோர் அக்குறைகளைச் சுமந்துகொண்டு முடித்தனர். குறை கூறியவர்தம் அறிக்கைகளை எவரும் இப்போது எடுத்துப் படிப்பதில்லை. லெக்சிகன் நாள்தோறும் புரட்டப்படுகிறது. இரண்டாண்டு, மூன்றாண்டு எனக் கெடு வைத்து நல்கை கொடுப்பது கணக்குக்கு நல்லது. அந்தக் கெடுவுக்குள் அடங்கும் கேள்விகளை மட்டுமே ஆய்வாளன் கேட்கப் பழகிவிடுகிறான் என்பது அதன் மறுபக்கம். சிந்தாமணி மூன்றாண்டுத் திட்டமாக இருந்திருந்தால், நாமகள் இலம்பகத்தோடு நின்றிருக்கும்.

இன்னொன்று மொழி. பெயர்த் தொகுதியும், சோழர் நிலவியலும், வலங்கை இடங்கை ஆய்வும் முதலில் ஆங்கிலத்தில் வந்தன. உலகறிய அது வேண்டும். ஆனால் ஆடுதுறையில் வாழ்வோர், தம் ஊர்க் கோயிற்சுவர் தம் முன்னோர் கூடி எடுத்த முடிவைச் சொல்கிறது என்பதை அறிய வழியென்ன? சுப்பராயலு பதிப்பில் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி 2002-ஐ ஒட்டி இரண்டு தொகுதிகளாக வந்தபின், ஆர்வமுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவர் தாமே கல்வெட்டைப் படித்துப் பொருள்கொள்ளும் நிலை ஓரளவு ஏற்பட்டது. ஏலாக்குறிச்சி முனிவர் நிகண்டுக்குச் செய்ததைக் கல்வெட்டுக்குச் செய்த நூல் அது. இதுபோன்ற கருவி நூல்களுக்கு விழா எடுப்பாரில்லை. விருதும் கவிதைக்கும் கதைக்குமே பெரும்பாலும் செல்கிறது. இந்த அவையில் கவிஞர் மிகுதியாதலின், இதை இங்கே சொல்வதுதான் பொருத்தம்.

குன்னத்துக்கும் செங்கணத்துக்கும் இன்னொரு செய்தி எஞ்சியுள்ளது. ஐயர் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் 1940-இல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு அகவை ஏறத்தாழ எண்பத்தைந்து. பதிப்புப் பணியின் புகழ் அனைத்தும் சேர்ந்துவிட்ட நாள். மகாமகோபாத்தியாயப் பட்டமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றாயிற்று. பெரியவர்களின் தொடர்பை மட்டும் எழுதிச் சென்றிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். அவரோ எழுபதாண்டுக்கு முன் தமக்குப் பாடம் சொன்ன சடகோபையங்காரையும், சிதம்பரம் பிள்ளையையும், கஸ்தூரி ஐயங்காரையும், விருத்தாசல ரெட்டியாரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, கற்ற நூலைச் சொல்லி, இடமளித்துச் சோறளித்த ஊராரையும் சொல்லி, அதிகாரம் அதிகாரமாக எழுதினார். இவ்வாசிரியர்களைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கங்களின் வழியேதான். 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்தார். என் சரித்திரம் நூலாக 1950-இல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளோடு அந்த வரலாறு நின்றுவிடுகிறது. பின்வந்த நாற்பதாண்டுப் புகழ் எழுதப்படவில்லை. அரியலூரும் குன்னமும் கார்குடியும் செங்கணமும் முழுமையாக எழுதப்பட்டுள்ளன.